பழைய லாரிக்கு உயரம், புதிய லாரிக்குக் குளிர்

பாரத் ஸ்டேஜ் 6 விதிப்படி, ஒரு கனரக டீசல் எஞ்சின் ஒரு கிலோவாட்-மணி வேலைக்கு 0.46 கிராமுக்கு மேல் நைட்ரஜன் ஆக்சைடுகளை வெளியே விடக்கூடாது. அதற்கு முன் நடப்பில் இருந்த ஸ்டேஜ் 4-இல் இந்த வரம்பு 3.5 கிராம். இடையில் சோதனை முறையும் மாறியதால் இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்து வகுத்துப் பார்ப்பது முழுக்கச் சரியல்ல. ஆனாலும் இறக்கம் மிகப் பெரிது. ஸ்டேஜ் 5-ஐ அப்படியே தாண்டி, 2020 ஏப்ரலில் நாடு முழுவதும் இது நடைமுறைக்கு வந்தது.

இந்த 0.46 எங்கே அளக்கப்படுகிறது என்று கேட்டால்தான் விஷயம் சுவாரசியமாகிறது. எஞ்சினை மட்டும் ஆய்வுக்கூட மேடையில் பூட்டி, டைனமோமீட்டரோடு இணைத்து, அரை மணி நேரச் சோதனை ஓட்டம் ஒன்றை நடத்துகிறார்கள். அதைக் குளிர்ந்த எஞ்சினில் ஒரு முறையும் சூடான எஞ்சினில் ஒரு முறையும் ஓட்டுவார்கள். நம் விதிக்கு மூலமான யூரோ 6-இல் குளிர்ந்த ஓட்டத்துக்கு 14 சதவீத மதிப்பு, சூடான ஓட்டத்துக்கு 86 சதவீதம். 'குளிர்ந்த' என்றால் எவ்வளவு என்று தேடினால், எஞ்சினின் ஆயிலும் கூலன்ட்டும் 20 முதல் 30 டிகிரி வரை ஆறியிருந்தால் போதும் என்கிறது விதி. சென்னையில் மார்கழி விடியற்காலையில் நிற்கும் வண்டியே அந்த வரையறைக்குள் வந்துவிடும். லடாக்கிலோ கொலராடோவிலோ ஜனவரி மாதம் லாரி ஓட்டுகிறவரிடம் இதைக் குளிர் என்று சொன்னால் சிரிப்பார்.

லாரி ஆய்வுக்கூடத்தில் ஓடுவதில்லை. அது ஏறும் உயரமும் சுவாசிக்கும் காற்றின் வெப்பமும் அதன் புகையை எப்படி மாற்றுகின்றன என்பது அரை நூற்றாண்டாக ஆராயப்படும் கேள்வி. அதற்கான விடை, சென்ற இருபது ஆண்டுகளில் கிட்டத்தட்டத் தலைகீழாகிவிட்டது. அதை நம் சோதனை முறைகள் இன்னும் கவனிக்கவில்லை என்பது என் எண்ணம்.

முதலில் உயரம். மலைமேல் ஆக்சிஜன் குறைவு என்று சொல்கிறோம். காற்றில் ஆக்சிஜனின் விகிதம் எந்த உயரத்திலும் 21 சதவீதம்தான். குறைவது காற்றின் அழுத்தம். கடல் மட்டத்தில் அது 101.3 கிலோபாஸ்கல். 3,500 மீட்டர் உயரத்தில் உள்ள லே நகரில் ஏறக்குறைய 65. சென்னையில் 30 டிகிரி வெயிலில் ஒரு கனமீட்டர் காற்று சுமார் 1.16 கிலோ எடை இருக்கும். லேயில் ஒரு கோடை நாளில் அதே கனமீட்டரில் இருப்பது அதில் மூன்றில் இரண்டு பங்குதான். 5,359 மீட்டர் உயரமுள்ள கார்துங் லா கணவாயில் பாதியைவிடச் சற்று அதிகம்.

டீசல் எஞ்சின் காற்றை அழுத்தி, அந்தச் சூட்டிலேயே எரிபொருளைப் பற்றவைக்கிறது. எரிவதற்குத் தேவையானதைவிட அதிகக் காற்று எப்போதும் உள்ளே இருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. பழைய லாரிகளில், டர்போ இல்லாத காலத்தில், எரிபொருளை அளந்து விட்டது இயந்திரப் பம்பு. மலை ஏறினாலும் அது பெரும்பாலும் அதே அளவு டீசலைத்தான் தள்ளும், காற்றுதான் குறைந்துவிடும். டீசலின் ஒரு பகுதி எரியாமல் கரியாகும். கொண்டை ஊசி வளைவில் முன்னே போகும் லாரி கக்கும் கரும்புகை நம்மில் பலர் மூச்சடக்கித் தாண்டியது. ஓட்டுநரின் மிதியும் வண்டியின் பராமரிப்பும் அதற்குக் காரணம்தான் என்றாலும், எஞ்சினுக்கு மூச்சு முட்டியதும் ஒரு காரணம். கரும்புகை என்றால் காற்றுப் பற்றாக்குறை. குளிர் காலையில் வண்டியை எடுத்தவுடன் வரும் வெண்புகை என்றால் எரியாத டீசலின் ஆவி. நீலப்புகை என்றால் ஆயில் எரிகிறது. பட்டறைக்காரர்கள் இன்றும் இந்த நிறங்களை வைத்தே நோய் சொல்கிறார்கள்.

உயரத்தின் பாதிப்பைச் சாலையிலேயே அளந்தவர்கள் டென்வர் பல்கலைக்கழகத்தின் கேரி பிஷப், டொனால்டு ஸ்டெட்மன் குழுவினர். சாலையின் குறுக்கே ஒளிக்கற்றையைப் பாய்ச்சி, கடந்து போகும் வண்டியின் புகையில் எந்த வாயு எவ்வளவு என்று நொடியில் கணிக்கும் தொலையுணர் கருவி அவர்களுடையது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வெவ்வேறு உயரங்களில் ஆயிரக்கணக்கான லாரிகளை இப்படி அளந்து 2001-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். உயரம் கூடக்கூட கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரோகார்பன், நைட்ரிக் ஆக்சைடு மூன்றும் கூடின. முதல் இரண்டும் எதிர்பார்த்ததே. மூன்றாவது அப்படியல்ல. நைட்ரஜன் ஆக்சைடு பிறப்பது எரிதலின் உச்ச வெப்பத்தில். சோவியத் விஞ்ஞானி யாக்கோவ் செல்டோவிச் விளக்கிய வேதிவினை அது. காற்று குறைந்தால் டீசல் பற்றிக்கொள்ளத் தாமதமாகிறது; அதற்குள் சேர்ந்துவிட்ட டீசல் ஒரே மூச்சில் எரிகிறது; வெப்பம் எகிறுகிறது. மறுபுறம் ஆக்சிஜன் குறைவே இந்த வினையைத் தடுக்கவும் செய்யும். எது வெல்லும் என்பது எஞ்சினின் வடிவமைப்பைப் பொறுத்தது. அதனால்தான் நைட்ரஜன் ஆக்சைடு விஷயத்தில் உயர ஆய்வுகள் எல்லாம் ஒரே பேச்சாகப் பேசுவதில்லை. கரி விஷயத்தில் அந்தக் குழப்பம் இல்லை.

டர்போ வந்தபின் மலை கொஞ்சம் தாழ்ந்தது என்று சொல்லலாம். சுவிஸ் பொறியாளர் ஆல்ஃபிரட் பூக்கி 1905-இல் காப்புரிமை பெற்ற யோசனை அது: வெளியேறும் புகையின் விசையிலேயே ஒரு சக்கரத்தைச் சுழற்றி, உள்ளே போகும் காற்றை அழுத்திக் கொடுப்பது. ஆனால் அதற்கும் எல்லை உண்டு. எஞ்சினுக்கு 250 கிலோபாஸ்கல் அழுத்தத்தில் காற்று வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கடல் மட்டத்தில் டர்போ காற்றை இரண்டரை மடங்கு அழுத்தினால் போதும். லேயில் கிட்டத்தட்ட நான்கு மடங்கு. நிமிடத்துக்கு லட்சம் சுற்றைத் தொடும் சக்கரம் அதற்கும் மேல் வேகமெடுத்தால் சிதறிவிடும். ஆகவே எஞ்சினின் கணினி ஓர் உயரத்துக்கு மேல் டீசலைக் குறைத்து, டர்போவைக் காப்பாற்றுகிறது. வண்டிக்கு இழுவை குறையும். ஓட்டுநர் கியரைக் குறைப்பார். ஏற்றம் ஏற நேரமாகும். புகை குறைந்தது உண்மை, அதற்கு விலை இழுவை.

வெயிலும் ஒருவகையில் உயரம்தான். கத்திரி வெயிலில் வேலூரில் 43 டிகிரி அடிக்கும்போது, 15 டிகிரியில் இருக்கும் காற்றோடு ஒப்பிட்டால் அடர்த்தி 9 சதவீதம் குறைந்திருக்கும். ஆயிரம் மீட்டர் மலை ஏறினால் ஏற்படும் குறைவும் ஏறக்குறைய அதுவே. சூடான காற்று உள்ளே போனால் எரிதலின் உச்ச வெப்பமும் ஏறி, நைட்ரஜன் ஆக்சைடு கூடும். ஈரப்பதம் இதற்கு எதிர்த்திசையில் வேலை செய்கிறது. நீராவி வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும். ஆய்வுக்கூட முடிவுகளில் ஈரப்பதத்துக்குத் திருத்தக் காரணி ஒன்று உண்டு என்பதே இது சின்ன விஷயமல்ல என்பதற்குச் சான்று. கடலோரப் புழுக்கம் மனிதரை வாட்டினாலும் லாரியின் நைட்ரஜன் ஆக்சைடைச் சற்றுக் குறைக்கிறது.

இதுவரை சொன்னதெல்லாம் எஞ்சினுக்குள் நடப்பது. இந்தக் கணக்கில் குளிர் நல்லது: குளிர்ந்த காற்று அடர்த்தியானது, எரிதலும் சூடு குறைவானது. இருபது ஆண்டுகளுக்கு முந்தைய லாரிக்கு அது உண்மைதான். இன்றைய லாரிக்கு இல்லை.

ஏனென்றால் இன்றைய லாரி இரண்டு இயந்திரங்களால் ஆனது. ஒன்று எஞ்சின். மற்றொன்று சைலன்சர் இருந்த இடத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு சிறு ரசாயன ஆலை. கரித்துகளைப் பிடிக்கும் வடிகட்டி ஒன்று. நைட்ரஜன் ஆக்சைடை யூரியாவால் சாதாரண நைட்ரஜனாக மாற்றும் எஸ்.சி.ஆர். அமைப்பு ஒன்று. ஓட்டுநர்கள் ஆட்ப்ளூ என்றும் யூரியா என்றும் சொல்லும் கரைசலில் 32.5 சதவீதம் யூரியா, மீதி நீர். இது சூடான புகையில் பட்டு அம்மோனியாவாகச் சிதைந்து, வினையூக்கியின் மேல் நைட்ரஜன் ஆக்சைடோடு வினைபுரிகிறது. ஏறக்குறைய 200 டிகிரிக்குக் கீழே புகை இருந்தால் யூரியா ஒழுங்காகச் சிதையாது; குழாயில் வெள்ளைக் கட்டியாகப் படிந்துவிடும். அதனால் அந்தச் சூட்டுக்குக் கீழே கணினி யூரியாவைத் தெளிப்பதே இல்லை. எஞ்சின் உண்டாக்கும் நைட்ரஜன் ஆக்சைடு அப்படியே வெளியே போகும். நிறமும் இருக்காது, கரியும் இருக்காது. பின்னால் வருகிறவர் கண்ணாடியை ஏற்றக்கூட மாட்டார்.

குளிர் இந்த ஆலையைப் பல இடங்களில் பிடிக்கிறது. யூரியாக் கரைசல் மைனஸ் 11 டிகிரியில் உறைந்துவிடும். அதை உருக்க எஞ்சினின் கூலன்ட் சூட்டைத் தொட்டிக்குள் சுற்ற விடுகிறார்கள். அமெரிக்க நடைமுறையில் மைனஸ் 18 டிகிரியில் உருகி வேலைக்கு வர 70 நிமிடம் வரை அவகாசம் உண்டு. புகையின் ஒரு பகுதியைக் குளிர்வித்து மறுபடி எஞ்சினுக்குள் விடும் ஈ.ஜி.ஆர். அமைப்பில் குளிர் நேரத்தில் நீர் படிந்து அரிக்கும், கரி ஒட்டும் என்பதால் அதன் வால்வைக் கணினி மூடிவிடுகிறது. அதுவும் நைட்ரஜன் ஆக்சைடைக் கூட்டும். எல்லாவற்றையும்விட எனக்கு வேடிக்கையாகப் படுவது சென்சார் விவகாரம். புகைக்குழாயில் நைட்ரஜன் ஆக்சைடை அளக்கும் சென்சார் பீங்கான் போன்ற சிர்கோனியாவால் ஆனது. சூடாக இருக்கும்போது நீர்த்துளி பட்டால் விரிசல் விடும். ஆகவே குழாய் முழுக்கச் சூடாகி ஈரம் போகும்வரை அதை இயக்குவதில்லை. வண்டி அதிகமாக மாசு விடும் அந்த முதல் நிமிடங்களில் வண்டிக்குள் இருக்கும் ஒரே சாட்சி தூங்கிக்கொண்டிருக்கிறது.

சுமையும் வேகமும் குறைந்தாலும் இதே கதி. போக்குவரத்து நெரிசலில் நகர்ந்து நகர்ந்து நிற்கும் லாரியின் வினையூக்கி ஆறிப்போகிறது. அமெரிக்காவில் ஓடும் லாரிகளின் சாலைத் தரவுகளைத் தொகுத்து, தூய போக்குவரத்துக்கான சர்வதேச மன்றமான ஐ.சி.சி.டி. 2019-இல் வெளியிட்ட ஆய்வில், மணிக்கு 25 மைலுக்குக் கீழான வேகத்தில் சராசரி நைட்ரஜன் ஆக்சைடு வெளியீடு, சான்றிதழ் வரம்பைப்போல ஐந்து மடங்குக்கும் மேல் இருந்தது. நெடுஞ்சாலையில் ஓடும்போது இவ்வளவு இல்லை. சூடுதான் வித்தியாசம்.

மலைப்பாதையில் இந்தச் சூட்டு நாடகத்தை ஒரே பயணத்தில் பார்க்கலாம். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்துக்கு 300 மீட்டர் சொச்சம் மேலே; ஊட்டி 2,240 மீட்டர். மெக்சிகோ நகரமும் இதே உயரம்தான், அழுத்தம் 77, 78 கிலோபாஸ்கல். கல்லாறு தாண்டி பர்லியாறு வழியாகக் குன்னூருக்கு ஏறும் லாரி முழு மூச்சில் இழுக்கிறது. புகை 300, 400 டிகிரிக்குப் போகும். காற்று மெலிந்திருப்பதால் இன்னும் கொஞ்சம் கூடும். எஸ்.சி.ஆர். அமைப்புக்கு அதுவே கொண்டாட்டம். பழைய லாரி கரும்புகை கக்கிய அதே ஏற்றத்தில் ஸ்டேஜ் 6 லாரி தன் வாழ்நாளிலேயே மிகச் சுத்தமாக ஓடுகிறது.

பிரச்சினை இறக்கத்தில். நீலகிரியின் உருளைக்கிழங்கும் கேரட்டும் மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்குகின்றன. ஏறும்போது காலியாகப் போகிற வண்டி இறங்கும்போதுதான் பாரத்தோடு வருகிறது. மலையில் இரவு நின்று, உறைபனி விழும் ஜனவரி விடியலில் கிளம்பும் வண்டியை எடுத்துக்கொள்வோம். எஞ்சின் சூடாகுமுன்பே இறக்கம் தொடங்குகிறது. ஓட்டுநர் கியரில் பிடித்து இறக்குகிறார். மிதியிலிருந்து கால் எடுத்ததும் டீசல் நின்றுவிடும்; எஞ்சின் வெறும் காற்றை இழுத்து இழுத்து வெளியே தள்ளும் பம்பாகிறது. அந்தக் குளிர்காற்று வினையூக்கி வழியாகத்தான் போயாக வேண்டும். கொஞ்சநஞ்சம் இருந்த சூட்டையும் அது வாரிக்கொண்டு போகும். எக்சாஸ்ட் பிரேக் போட்டால் ஓட்டம் அடைபட்டு ஆறுவது சற்றுத் தாமதமாகும், அவ்வளவுதான். டீசல் எரியாதவரை மாசும் இல்லை என்பது உண்மை. கல்லாறு வந்து, சமவெளியில் மறுபடி மிதியை அழுத்தும்போது கணக்கு வேறு. எஞ்சின் உடனே நைட்ரஜன் ஆக்சைடை உண்டாக்கத் தொடங்கிவிடும். ஆறிய வினையூக்கி விழித்துக்கொள்ளச் சில நிமிடம் பிடிக்கும். மேட்டுப்பாளையம் ஊருக்குள் நுழைவது அந்த நிமிடங்களில்தான்.

சட்டம் இதையெல்லாம் எவ்வளவு தூரம் பார்க்கிறது? சாலையில் ஓடும் லாரியை அளக்க வேண்டும் என்ற எண்ணமே ஒரு மோசடிக்குப் பிறகு வந்ததுதான். 1998-இல் கேட்டர்பில்லர், கம்மின்ஸ், டெட்ராய்ட் டீசல், வால்வோ உள்ளிட்ட ஏழு நிறுவனங்கள், சோதனையின்போது ஒரு விதமாகவும் நெடுஞ்சாலையில் வேறு விதமாகவும் எஞ்சினை ஓட்டும் மென்பொருளை வைத்ததாக அமெரிக்க அரசு குற்றம் சாட்டியது. அவை 83.4 மில்லியன் டாலர் அபராதம் செலுத்த ஒப்புக்கொண்டன. அதன் தொடர்ச்சியாக, சாலையில் எந்த நேரத்திலும் மீறக்கூடாத வரம்பு என்ற முறை வந்தது. பெயர்தான் 'எந்த நேரத்திலும்'. 5,500 அடிக்கு மேல் அது செல்லாது. வினையூக்கியின் சூடு 250 டிகிரிக்குக் கீழே இருந்தால் செல்லாது. எஞ்சின் தன் திறனில் 30 சதவீதத்துக்குக் கீழே உழைத்தாலும் செல்லாது. டென்வர் நகரம் 5,280 அடி. எல்லைக்குள் மயிரிழையில் வருகிறது. அங்கிருந்து மேற்கே ராக்கி மலைக்குள் போகும் 70-ஆம் எண் நெடுஞ்சாலையின் ஐசன்ஹோவர் சுரங்கம் 11,000 அடிக்கும் மேல். அங்கே வரம்பே இல்லை. 2022 டிசம்பரில் இறுதி செய்யப்பட்ட புதிய அமெரிக்க விதி, குறைந்த சுமை நேரத்தையும் கணக்கில் எடுத்து 300 வினாடித் துண்டுகளாக அளக்கச் சொல்கிறது. தாமதமானாலும் சரியான திசை.

ஐரோப்பாவின் யூரோ 6 சாலைச் சோதனை 82.5 கிலோபாஸ்கலுக்குக் குறையாத அழுத்தத்திலும் மைனஸ் 7 டிகிரிக்குக் குறையாத வெப்பத்திலும் நடத்தப்பட வேண்டும். உயரத்தில் சொன்னால் சுமார் 1,700 மீட்டர். நீலகிரியில் அந்தக் கோட்டை வரைந்தால் 1,850 மீட்டரில் இருக்கும் குன்னூருக்குக் கொஞ்சம் கீழே விழும். கார்கள் விஷயத்தில் ஐரோப்பிய நீதிமன்றம் கறாராக இருந்தது. வெளி வெப்பம் 15 முதல் 33 டிகிரிக்குள் இருந்தால் மட்டும், 1,000 மீட்டருக்குக் கீழே மட்டும் முழுமையாக வேலை செய்த ஒரு டீசல் கார் மென்பொருளை, 2022 ஜூலை 14 அன்று அது ஏமாற்றுக் கருவி என்றே வகைப்படுத்தியது. 15 டிகிரிக்குக் கீழான குளிரும் ஆயிரம் மீட்டருக்கு மேலான சாலையும் ஐரோப்பாவில் சர்வ சாதாரணம் என்பது வாதத்தின் சாரம். உற்பத்தியாளருக்குப் பொருந்தும் அந்த வாதம் விதி எழுதுகிறவர்களுக்கும் ஏன் பொருந்தக்கூடாது என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

சீனா இந்தக் கேள்வியைத் தன் நிலப்படத்தை வைத்துப் பார்த்தது. சீனா 6 விதியின் முதல் கட்டத்தில் 1,700 மீட்டர் வரை இருந்த சாலைச் சோதனை உயரம், இரண்டாம் கட்டத்தில் 2,400 மீட்டராக ஏற்றப்பட்டது. கன்மிங், ஷினிங் போன்ற பெரிய உயர்நில நகரங்கள் இதனால் உள்ளே வந்தன. 3,650 மீட்டரில் இருக்கும் லாசா இன்னும் வெளியேதான்.

இந்தியாவில் லடாக்குக்குப் போகும் சாலைகளின் கணவாய்களுக்கு இந்த எண்கள் எதுவும் எட்டாது. மணாலி-லே சாலையில் தங்லங் லா 5,300 மீட்டருக்கும் மேல். குளிரோ, சாதாரண டீசலிலேயே மெழுகு உறைந்து வடிகட்டி அடைக்கும் குளிர்; அதற்காகவே மைனஸ் 33 டிகிரி வரை உறையாத குளிர்கால டீசலை இந்தியன் ஆயில் 2019 நவம்பரில் லடாக்கில் அறிமுகப்படுத்தியது. எரிபொருளுக்குக் கிடைத்த அந்தக் கவனம் புகைக்கும் வேண்டும். வண்டியை அணைத்தால் மறுபடி எழாது என்று பல மணி நேரம் ஓடவிட்டு வைப்பது குளிர்ப் பிரதேச ஓட்டுநர்களின் பழக்கம். சும்மா ஓடும் எஞ்சினின் புகை சூடாவதில்லை, யூரியாவும் தெளிக்கப்படுவதில்லை. இன்னொரு பக்கம், வடிகட்டி இல்லாத பழைய வண்டிகளின் கரி பனிமேல் படிந்து, வெயிலை உறிஞ்சி, உருகலை விரைவுபடுத்துகிறது. ரோதாங் கணவாய்க்குப் போகும் சுற்றுலா வண்டிகளுக்குத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் எண்ணிக்கைக் கட்டுப்பாடு விதித்ததன் பின்னணியில் இந்தக் கரியும் உண்டு.

நம் புகைச் சான்றிதழ் மையங்களில் டீசல் வண்டிக்கு என்ன செய்கிறார்கள்? வண்டியை நிறுத்தி, எஞ்சினைச் சூடாக்கி, பாரமில்லாமல் மிதியை அழுத்தி, புகை ஒளியை எவ்வளவு மறைக்கிறது என்று பார்க்கிறார்கள். நைட்ரஜன் ஆக்சைடு அளக்கப்படுவதே இல்லை. உயரத்தில் கரும்புகை கக்கிய பழைய லாரியைப் பிடிக்க அந்தச் சோதனை போதும். வடிகட்டி பொருத்திய ஸ்டேஜ் 6 லாரி, யூரியா அமைப்பு முழுக்கச் செத்திருந்தாலும் அதில் தேறிவிடும்.

இதற்குப் புதுக் கருவி எதுவும் வாங்க வேண்டியதில்லை. 2022 முதல் விற்கப்படும் கனரக டீசல் வண்டிகள் தம் நைட்ரஜன் ஆக்சைடு அளவைத் தமக்குள்ளேயே பதிந்து வைத்திருக்க வேண்டும் என்று கலிஃபோர்னியா மாநிலம் விதித்திருக்கிறது. ஸ்டேஜ் 6 லாரிகளிலும் சென்சார் ஏற்கெனவே இருக்கிறது. அதற்கான விலையையும் மாதாமாதம் யூரியாவுக்கான செலவையும் லாரி உரிமையாளர் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார். சென்சார் தூங்கும் நிமிடங்களையும் அது அளந்ததையும் சேர்த்துப் பதிய வைத்து, சான்றிதழ் மையத்தில் வயரைச் செருகிப் படிக்க வழி செய்தால் போதும். 1,700 மீட்டருக்கு மேல் ஊர்களும் சாலைகளும் உள்ள நாடு, தன் சாலைச் சோதனையின் உயர வரம்பையும் தன் மலைகளை வைத்தே எழுத வேண்டும். அடுத்த திருத்தத்தில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் இந்த இரண்டையும் சேர்க்க வேண்டும்.